கார் சீட்டுக்குள் ஒளிந்திருக்கும் சரித்திரம்

காரின் சரித்திரம் என்று தேடிப் பாருங்கள். எஞ்சின் பற்றி நிறைய கிடைக்கும். பந்தயம், வேகம், ஹென்றி ஃபோர்டு, அசெம்பிளி லைன்... எல்லாம் கிடைக்கும். ஆனால் காரில் ஏறியதும் நாம் முதலில் தொடுவது எஞ்சினை இல்லையே, சீட்டைத்தானே? அந்த சீட்டில் என்ன துணி போட்டார்கள், தரையில் என்ன விரித்தார்கள், அழுக்கானால் யார் துடைத்தார்கள் என்று யாரும் அதிகம் எழுதுவதில்லை.

"இதில் என்னப்பா சரித்திரம் இருக்கு, துணியை எடுத்து துடைச்சா போச்சு" என்கிறீர்களா? கார் சீட்டுத் துணி அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது. காலடியில் கிடக்கும் மேட் நாலு உயிர்களை வாங்கியிருக்கிறது. கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையாகப் படியுங்கள்.

ஓட்டுபவனுக்குத் தோல், முதலாளிக்குத் துணி

இன்று தோல் சீட் என்றால் பணக்காரத்தனம். ஷோரூமில் கேட்டால் உயர்ந்த மாடலில்தான் வரும் என்பார்கள். ஆனால் ஆரம்பத்தில் கதை நேர் எதிராக இருந்தது.

கார்ல் பென்ஸ் தன் மூன்று சக்கர மோட்டார் வண்டிக்கு 1886-ல் காப்புரிமை வாங்கினார். அந்தக் காலத்துக் கார்களுக்கு மேல்கட்டு செய்தவர்கள் பெரும்பாலும் குதிரை வண்டி கட்டியவர்களே. குதிரை வண்டியில் இருந்த வழக்கம் அப்படியே காருக்கும் வந்தது. வண்டியோட்டி வெளியே மழையிலும் வெயிலிலும் உட்கார்ந்திருப்பான். அவன் சீட் நனையும், சேறு தெறிக்கும். அதனால் ஈரத் துணியால் துடைத்தாலே சுத்தமாகிவிடும் தோலை அவன் சீட்டுக்குப் போட்டார்கள். முதலாளி பின்னால் மூடிய அறைக்குள் உட்காருவார். அவருக்கு வீட்டுக் கூடத்து சோபா போல மெத்தென்ற கம்பளித் துணி, வசதி இருந்தால் பட்டு.

அதாவது தோல் என்பது அன்று வேலைக்காரனின் சீட்! காரணம் அந்தஸ்து மட்டுமல்ல, சுத்தம் செய்யும் வசதியும்தான். பிறகு முதலாளிகளே காரை ஓட்ட ஆரம்பித்தார்கள். முன் சீட்டுக்கு மதிப்பு வந்தது, கூடவே தோலுக்கும் மதிப்பு வந்தது. இந்தப் பழைய வழக்கத்தின் மிச்சத்தை ஜப்பானில் இன்றும் பார்க்கலாம். அங்கே பெரிய மனிதர்கள் பயணிக்கும் டொயோட்டா செஞ்சுரி காரில் கம்பளித் துணி சீட்தான் கௌரவம். தோல் உராய்ந்து சத்தம் போடும், குளிரில் சில்லென்று இருக்கும் என்பது அவர்கள் சொல்லும் காரணம்.

காரைத் துடைக்கவில்லை, தங்களைத் துடைத்துக்கொண்டார்கள்

முதல் முப்பது ஆண்டுகள் பெரும்பாலான கார்கள் திறந்தவை. சாலைகள் மண் சாலைகள். புழுதிக்குத் தனியாக ஒரு உடையே இருந்தது. உடுப்புக்கு மேல் 'டஸ்டர்' என்ற நீண்ட அங்கி, கண்ணுக்குக் கண்ணாடி, பெண்களுக்குத் தொப்பியோடு சேர்த்துக் கட்டும் முகத்திரை. வீட்டுக்கு வந்ததும் முதலில் உதறவேண்டியது காரை அல்ல, ஆளை. காரின் தரை மரப் பலகை, அதன்மேல் ரப்பர் விரிப்பு. அதைக் கூட்டித் தள்ளினால் போதும்.

மூடிய கார் வந்தபிறகுதான் 'உட்புறம்' என்ற ஒன்றே உருவானது. அமெரிக்காவில் இந்த மாற்றம் மிக வேகமாக நடந்தது. ஜெனரல் மோட்டார்ஸ் தலைவராக இருந்த ஆல்ஃபிரட் ஸ்லோன் தன் புத்தகத்தில் தரும் கணக்கு இது: 1919-ல் விற்ற கார்களில் மூடியவை சுமார் 10 சதவீதம், 1927-ல் 85 சதவீதம். எட்டே வருடத்தில் தலைகீழ்! ஹட்சன் நிறுவனம் தன் எசெக்ஸ் மூடிய காரை 1925-ல் திறந்த காரைவிடவே குறைந்த விலைக்கு விற்றது.

இப்போது யோசித்துப் பாருங்கள். இத்தனை லட்சம் கார்களின் சீட், கதவு, கூரை எல்லாவற்றையும் மூடத் துணி வேண்டும். அத்தனைக்கும் தோல் போட மாடுகளுக்கு எங்கே போவது? இங்கேதான் ஒரு வெடிமருந்து கம்பெனி உள்ளே வருகிறது.

வெடிமருந்திலிருந்து சீட் கவர்

டூபான்ட் என்பது 1802-ல் தொடங்கி நூறு வருடத்துக்கும் மேல் வெடிமருந்து செய்து வளர்ந்த அமெரிக்க நிறுவனம். புகையில்லாத துப்பாக்கி மருந்துக்கு அடிப்படை நைட்ரோசெல்லுலோஸ். பஞ்சை அமிலத்தில் ஊறவைத்துச் செய்வது. சண்டை இல்லாத காலத்தில் இதை வைத்து என்ன செய்வது? அந்தக் கேள்விக்கு ஒரு பதிலாக 1910-ல் நியூயார்க் மாநிலத்தின் நியூபர்க் ஊரில் இருந்த ஃபேப்ரிகாய்டு என்ற கம்பெனியை வாங்கினார்கள். அவர்கள் செய்தது செயற்கைத் தோல். பருத்தித் துணியின்மேல் நைட்ரோசெல்லுலோஸ் கரைசலைப் பூசி, வளைந்து கொடுக்க விளக்கெண்ணெய் சேர்த்து, தோல் போலவே வரி வரியாக அச்சு அழுத்துவார்கள். தோலைவிட மலிவு, ஈரத் துணியால் துடைக்கலாம்.

முதல் உலகப் போரில் டூபான்ட்டுக்குப் பணம் கொட்டியது. போர் முடியும்போது அந்தப் பணத்தை எங்கே போடுவது? அவர்கள் பொருளாளர் ஜான் ராஸ்காப் 1917 டிசம்பரில் ஒரு குறிப்பு எழுதினார். ஜெனரல் மோட்டார்ஸ் பங்குகளை 2.5 கோடி டாலருக்கு வாங்கலாம் என்பது அவர் யோசனை. அவர் சொன்ன காரணங்களில் ஒன்று: அந்தக் கம்பெனிகளின் செயற்கைத் தோல், பெயின்ட், வார்னிஷ் வியாபாரம் முழுக்க நமக்கு வந்துவிடும். இதைக் கறுப்பு மையில் எழுதி வைத்துவிட்டார்! சில ஆண்டுகளில் டூபான்ட் கையில் ஜெனரல் மோட்டார்ஸ் பங்கில் சுமார் 23 சதவீதம் சேர்ந்தது. 1920-ல் பியர் டூபான்ட்டே ஜெனரல் மோட்டார்ஸ் தலைவரானார்.

முப்பது வருடம் கழித்து, 1949-ல், அமெரிக்க அரசு வழக்குப் போட்டது. பங்கு வாங்கியதன் மூலம் போட்டியை ஒழிக்கிறார்கள் என்பது குற்றச்சாட்டு. கீழ் நீதிமன்றம் 1954-ல் அரசின் வழக்கைத் தள்ளுபடி செய்தது. உச்ச நீதிமன்றம் 1957 ஜூனில் 4-க்கு 2 என்ற கணக்கில் தீர்ப்பை மாற்றியது. தீர்ப்பில் கார் துணியின் கணக்கே வருகிறது. ஜெனரல் மோட்டார்ஸ் வாங்கிய பெயின்ட் வகைகளில் டூபான்ட் கொடுத்தது 1946-ல் 67 சதவீதம், 1947-ல் 68 சதவீதம். துணி வகைகளில் 1946-ல் 52.3 சதவீதம், 1947-ல் 38.5 சதவீதம். இந்த இடம் வெறும் சரக்கின் தரத்தால் வந்ததல்ல, பங்கு கையில் இருந்ததும் காரணம் என்று நீதிமன்றம் சொன்னது. ராஸ்காப்பின் அந்தப் பழைய குறிப்பும் ஆதாரமாக வந்தது. அப்புறம் 1961-ல் பங்குகளை முழுசாக விட்டுவிடவேண்டும் என்று உத்தரவு. 6.3 கோடி பங்குகள்!

பி.காம் படிக்கிறவர்கள் இதைக் கவனிக்கவேண்டும். போட்டிச் சட்டப் பாடத்தில் நிறுவன இணைப்பு என்றால் ஒரே பொருளை விற்கும் இரண்டு கம்பெனி சேர்வதுதான் நினைவுக்கு வரும். இங்கே ஒருவர் சரக்கு விற்பவர், இன்னொருவர் வாங்குபவர். விற்பவர் வாங்குபவரின் பங்கையே வாங்கிவிட்டால், பக்கத்துக் கடைக்காரன் எவ்வளவு நல்ல துணி கொண்டுவந்தாலும் கதவு திறக்காது. இந்த மேல்-கீழ் உறவுக்கும் சட்டம் செல்லும் என்று காட்டிய வழக்கு இது. காரணப் பொருள்களில் ஒன்று, நாம் சாதாரணமாகத் துடைத்துவிட்டுப் போகும் சீட்டுத் துணி!

நம்ம ஊர் ரெக்சின்

இதே சரக்கு இங்கிலாந்தில் வேறு பெயரில் வந்தது. மான்செஸ்டர் பக்கத்தில் ஹைட் என்ற ஊரில் இருந்த கம்பெனியின் வணிகப் பெயர் 'ரெக்சின்'. ஆமாம், நாம் தையல்கடையிலும் சீட் கவர் கடையிலும் சொல்லும் அதே ரெக்சின்தான்! அது தமிழ் வார்த்தை ஆகியே போய்விட்டது. துணிமேல் நைட்ரோசெல்லுலோஸும் கற்பூர எண்ணெயும் சாராயமும் நிறமும் கலந்து பூசியது. விலை தோலில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு. 1920-களிலிருந்து பிரிட்டிஷ் கார்களிலும் ரயில் பெட்டிகளிலும் புத்தக அட்டைகளிலும் இதுதான்.

இன்று சென்னை ஜி.பி. ரோடு கடைகளில் ரெக்சின் என்று கேட்டால் கிடைப்பது அந்தப் பழைய சரக்கு இல்லை. அது பி.வி.சி. பூசிய துணி. அமெரிக்காவின் குட்ரிச் கம்பெனியில் வால்டோ செமன் என்ற வேதியியலாளர் 1926-ல் பி.வி.சி.யை வளையும் பொருளாக்கும் வழியைக் கண்டுபிடித்தார். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு கார் சீட்டுகளில் இதுவே பரவியது. சரக்கு மாறிவிட்டது, பெயர் மட்டும் தங்கிவிட்டது.

பி.வி.சி.யில் ஒரு சங்கடம் உண்டு. காற்று புகாது. வெயிலில் நின்ற காரில் உட்கார்ந்தால் தொடை ஒட்டிக்கொள்ளும், முதுகு நனையும். நம் நாட்டில் இதற்குக் கண்டுபிடித்த மருந்துதான் அரசு அம்பாசடர் கார்களின் வெள்ளை டவல். 2014 வரை தயாரான அந்தக் காரில் அதிகாரி உட்காரும் சீட்டில் வெள்ளைத் துண்டு விரித்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதைப் பதவியின் அடையாளமாகத்தான் எல்லோரும் நினைக்கிறோம். ஆனால் வேலை என்று பார்த்தால் அது நல்ல யோசனை: வியர்வையை உறிஞ்சும், கழற்றித் துவைக்கலாம், சீட்டுக்கு அழுக்கு போகாது. வெள்ளை என்பதால் துவைத்தாயிற்றா இல்லையா என்று பார்த்தாலே தெரிந்துவிடும். டிரைவர் ஏமாற்ற முடியாது!

சேணம் தைத்தவர் செய்த மெஷின்

துணி சீட்டுக்கும் கார்ப்பெட்டுக்கும் துடைப்பு மட்டும் போதாது, தூசியை உறிஞ்சவேண்டும். லண்டனில் ஹியூபர்ட் செசில் பூத் என்ற பொறியாளர் 1901-ல் காற்றை ஊதித் தூசியைக் கிளப்பும் ஓர் இயந்திரத்தின் செயல்விளக்கத்தைப் பார்த்தார். ஊதினால் தூசி வேறு இடத்தில் போய் உட்காரும், உறிஞ்சினால் என்ன என்று தோன்றியது. ஓர் உணவகத்தில் நாற்காலி மெத்தைமேல் கைக்குட்டையைப் போட்டு வாயால் உறிஞ்சிப் பார்த்தார். கைக்குட்டையின் அடியில் தூசி வட்டமாகப் படிந்திருந்தது. ஆக வேக்குவம் கிளீனர் பிறந்ததே ஒரு சீட்டின்மேல்தான். ஆனால் அவர் செய்த இயந்திரம் குதிரை இழுத்துக்கொண்டு வரும் அளவுக்குப் பெரிசு. தெருவில் நிறுத்தி, நீளக் குழாயை ஜன்னல் வழியாக உள்ளே விடுவார்கள்.

கையில் பிடிக்கும் மின்சார இயந்திரம் அமெரிக்காவில் வந்தது. ஒஹாயோவில் ஒரு கடையில் துப்புரவு வேலை செய்த ஜேம்ஸ் ஸ்பாங்ளருக்கு ஆஸ்துமா. கூட்டினால் கிளம்பும் தூசி ஆகவில்லை. ஒரு மின்விசிறி மோட்டார், தகரப் பெட்டி, துடைப்பக் கம்பு, தலையணை உறை... இவற்றை வைத்து ஒரு மெஷினைக் கட்டி 1908-ல் காப்புரிமை வாங்கினார். அதை விலைக்கு வாங்கியவர் வில்லியம் ஹூவர். இவர் அதுவரை செய்த தொழில் என்ன தெரியுமா? குதிரைச் சேணமும் கழுத்துப் பட்டையும் தைப்பது! கார் வந்தால் குதிரை போகும், குதிரை போனால் சேணத்துக்கு யார் வருவார்கள்? அதனால் வேறு தொழிலுக்குத் தாவினார். கார் இவர் பழைய தொழிலைத் தின்றது. இவருடைய புதிய தொழிலின் வாரிசுகள் இன்று அதே காரைச் சுத்தம் செய்கின்றன. 1979-ல் பிளாக் அண்ட் டெக்கர் 'டஸ்ட்பஸ்டர்' என்ற கம்பியில்லாத குட்டி மெஷினை விற்பனைக்குக் கொண்டுவந்த பிறகு, காருக்குள் கொண்டுபோவதும் சுலபமாகிவிட்டது. சிகரெட் பற்றவைக்க வைத்த 12 வோல்ட் துளையில் செருகி ஓட்டும் மெஷினும் இருக்கிறது. சிகரெட் போய்விட்டது, துளை மட்டும் வேறு வேலைக்கு நின்றுவிட்டது.

சிந்திய பாலும் சிந்திய காபியும்

கண்ணாடியில் தொங்கும் மர வடிவ அட்டையைப் பார்த்திருப்பீர்கள். நியூயார்க் மாநிலத்தின் வாட்டர்டவுனில் ஒரு பால் வண்டி டிரைவர், சிந்திய பாலின் வாடை தாங்கவில்லை என்று புலம்ப, ஜூலியஸ் சாமன் என்ற வேதியியலாளர் 1952-ல் செய்து கொடுத்ததுதான் அது. பைன் மர வாசனையை ஏற்கெனவே ஆராய்ந்தவர் என்பதால் மர வடிவம். நம் டிரைவர்கள் டேஷ்போர்டில் மல்லிகைச் சரமும் ஊதுபத்தியும் வைப்பது இதே வேலையை அழகாகச் செய்கிறது. ஆனால் ஒன்று, வாசனை வாடையை மூடுமே தவிர நீக்காது. பால் மெத்தைக்குள் இறங்கினால் அங்கேதான் கிருமி வளரும்.

காபி கதை இன்னும் மோசம். அமெரிக்காவில் 1992-ல் 79 வயதுப் பெண்மணி ஒருவர் மெக்டொனால்ட்ஸ் காபியை, நிறுத்தியிருந்த காரில் மடியில் வைத்து மூடியைத் திறந்தபோது கொட்டி, தோல் ஒட்டு அறுவை செய்யும் அளவுக்கு வெந்துபோனார். அந்த 1989 மாடல் காரில் கோப்பை வைக்க இடமே இல்லை. 1994-ல் நடுவர் குழு பெரிய நஷ்டஈடு தர, 'காபி கொட்டினால் கோடி' என்று ஊரே கேலி செய்தது. காயம் எவ்வளவு கொடுமை என்பது பலருக்குத் தெரியாது.

ஒரு மேட், நாலு உயிர்

2009 ஆகஸ்ட் 28. கலிஃபோர்னியாவில் சான் டியாகோ பக்கம், ஒரு போலீஸ் அதிகாரி குடும்பத்தோடு டீலர் தற்காலிகமாகக் கொடுத்த லெக்சஸ் காரில் போனார். அந்தக் காரில் போட்டிருந்தது வேறு மாடலுக்கான ரப்பர் மேட். கிளிப்பும் மாட்டவில்லை. அது நகர்ந்து ஆக்சிலரேட்டரை அழுத்தியபடி பிடித்துக்கொண்டது. நூறு மைல் வேகத்துக்கு மேல் போன கார் மோதி எரிந்து, நால்வரும் இறந்தார்கள். அடுத்த மாதமே டொயோட்டா 38 லட்சம் கார்களுக்கு மேட் பற்றி எச்சரிக்கை விட்டது. பெடல் குறைபாடுகளைப் பற்றி மக்களைத் தவறாக வழிநடத்தியதற்காக 2014-ல் 120 கோடி டாலர் அபராதமும் கட்டியது.

மழைக்காலத்தில் பழைய மேட்மேலேயே புது மேட் போடுவது, சந்தையில் அளவு பார்க்காமல் வாங்குவது... இதெல்லாம் நாம் தினமும் செய்வதுதான்.

சரித்திரம் சொல்லும் பராமரிப்பு

இவ்வளவு படித்ததற்குப் பலன் வேண்டாமா? சுருக்கமாகச் சில குறிப்புகள்.

1. முதலில் உறிஞ்சு, பிறகு துடை. மணல் இருக்கும்போது துடைத்தால் அது உப்புத்தாள் மாதிரி கீறும்.

2. மேட் ஒன்றுதான் போடவேண்டும். கழுவிக் காயவைத்து, கிளிப் மாட்டி, பெடலை மிதித்துப் பார்த்துவிட்டு வண்டியை எடுங்கள்.

3. ரெக்சினுக்குப் பெட்ரோல், தின்னர் வேண்டவே வேண்டாம். பி.வி.சி.யை மிருதுவாக வைத்திருக்கும் எண்ணெய்ப் பொருளை அவை கரைத்து எடுத்துவிடும். மிதமான சோப்புத் தண்ணீர் போதும்.

4. வெயிலும் அதே வேலையைத்தான் செய்கிறது. டேஷ்போர்டு வெடிப்பதும், கண்ணாடியின் உள்பக்கம் புகை மாதிரி படிவதும் அந்தப் பொருள் ஆவியாவதால்தான். நிழலில் நிறுத்துங்கள், முன்கண்ணாடிக்கு மறைப்பு வையுங்கள். 2005-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், நிறுத்திய காருக்குள் ஒரு மணி நேரத்தில் சராசரியாக 22 டிகிரி செல்சியஸ் ஏறியது. அதில் 80 சதவீதம் முதல் அரை மணியிலேயே. ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வைத்தும் பெரிய பலன் இல்லை. குழந்தையை ஐந்து நிமிடம்கூட உள்ளே விட்டுப் போகாதீர்கள்.

5. துணி சீட்டில் வாளித் தண்ணீர் ஊற்றக்கூடாது. உள்ளே இருக்கும் ஃபோம் காயாது, பூஞ்சை பிடிக்கும். ஈரத் துணியால் ஒற்றி எடுத்து, கதவைத் திறந்து காயவிடுங்கள்.

6. சீட்டின் பக்கவாட்டில் ஏர்பேக் இருக்கும் காருக்கு, இறுக்கித் தைத்த சாதாரண கவர் போடாதீர்கள். வெடிக்கவேண்டிய நேரத்தில் வழிவிடாது.

7. ஏ.சி. காற்றில் தூசி வாடை வந்தால் சென்ட் வாங்காதீர்கள். பெரும்பாலான கார்களில் குளோவ் பாக்ஸ் பின்னால் ஒரு காற்று வடிகட்டி இருக்கும். அதை மாற்றுங்கள்.

கடைசியாக ஒரு வார்த்தை. லாரியில் டிரைவரோடு போகும் பையனை நாம் 'கிளீனர்' என்கிறோம். கதவைத் தட்டி ரிவர்ஸ் சொல்வது, டயர் மாற்றுவது, சரக்குக்குக் காவல் என்று அவன் செய்வது ஆயிரம் வேலை. ஆனால் பெயர் கொடுத்தது துடைக்கும் வேலை. வண்டியோட்டிக்குத் தோல் சீட் போட்ட காலத்திலிருந்து வெள்ளை டவல் வரை, உட்புறத்தின் ஒவ்வொரு பொருளையும் தீர்மானித்த கேள்வி ஒன்றுதான்: இதை யார் துடைக்கப் போகிறார்கள்? வேலைக்காரர் துடைத்தவரை கம்பளியும் பட்டும் போட்டார்கள். நாமே துடைக்கவேண்டும் என்று வந்ததும் ரெக்சினும் ரப்பரும் வந்தன. அடுத்தமுறை ஒரு காருக்கு சீட் கவர் தேர்ந்தெடுக்கும்போது நிறத்தைப் பார்ப்பதற்கு முன்னால் இந்தக் கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். அதுவும் டிரைவர் வைத்திருந்தால், அவரிடமே கேளுங்கள். அவருக்குத்தான் சரியான பதில் தெரிந்திருக்கும்.